பச்சை எரியுது, உள்ள வாங்க

என் அண்ணன் தயாபரனின் வயிற்றுக்குள் இருப்பது என்னுடைய சிறுநீரகம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பூனாகலைத் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதிதான். கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க அண்ணன் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையோ நோயை எதிர்க்கிற சக்தியைக் கட்டிப்போட்டுவிடும். மற்றவர்களுக்கு இரண்டு நாள் தடிமன் என்றால் அவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். காய்ச்சல் முற்றினால் கொடுத்ததும் போச்சு, வாங்கினவனும் போனான்.

"ஆட்களைச் சேர்க்காதீங்க, சன்னலைத் திறந்து வைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளை அவர் பார்த்ததில்லை. காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்கு ஒரே ஒரு சன்னல், அதைத் திறந்தால் பனி உள்ளே வந்து பாயில் படுக்கும். ஆட்கள் விஷயம் அதைவிட மோசம். நோயாளியை வந்து பார்க்காதவன் எங்கள் பக்கத்தில் பகையாளி. பார்க்க வந்தவனை வாசலோடு அனுப்புகிறவள் மனுஷியே இல்லை. அம்மா பாக்கியலெட்சுமி தன் வாழ்நாளில் ஒருவரையும் அப்படி அனுப்பியதில்லை.

"நாலு பேரு வந்து பாத்தாத்தான்டி நோய் கொறையும்" என்பாள்.

"நாலு பேரா வர்றாங்க? வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்கு வர்ற கூட்டமே வருது" என்பேன் நான்.

தோடம்பழம் பைபையாக வந்தது. கூடவே இருமலும் வந்தது.

அண்ணன் பண்டாரவளை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். அவனுடைய கூட்டாளிகள் சேர்ந்து காற்றைச் சுத்தப்படுத்துகிற மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். பண்டாரவளையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஹஸீப் நானாவே கொண்டுவந்து பொருத்தினார். பின்பக்க மூடியைக் கழற்றி, கடதாசி விசிறிபோல மடித்த தடித்த வடிகட்டியை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த பொலித்தீனை உரித்துக் கீழே போட்டார். அறைக்காற்றை மிஷின் உறிஞ்சும், கிருமி வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும், தப்பியதை உள்ளே எரிகிற புறஊதாக்கதிர் விளக்கு செயலிழக்கச் செய்யும் என்று விளக்கினார்.

"மிஷின் ஈக்குது எண்டு சன்னல மூடிராதீங்க தங்கச்சி. ஆளையும் சேக்காதீங்க" என்றார். "கிழமைக்கு ஒருக்கா பின்னால உள்ள வலையத் தொடைங்க, போதும்."

மிஷினின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அது தூசுக்கும் புகைக்கும்தான், கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது என்றும் ஹஸீப் நானா சொன்னார். அம்மா அந்தப் பேச்சின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சை எரியுது, உள்ள வாங்க" என்பாள். மிஷின் வந்ததும் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். மிஷினைப் பார்க்கவும் சேர்த்து வந்தார்கள்.

நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது கணபதிப் பெரியப்பா அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொழும்பில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த கதையைத் தும்மித் தும்மிச் சொல்லிக்கொண்டிருந்தார். சன்னல் சாத்தியிருந்தது.

"பெரியப்பா, வெளிய வந்து பேசுங்க" என்றேன்.

"ஏம்மா? மிஷின்தான் ஓடுதே."

"பெரிய மனுஷன வெரட்டாதடி" என்றாள் அம்மா. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி வேறு வந்தது.

மூன்றாம் நாள் காலை அண்ணன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டான். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. ஓட்டோ வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல், மிஷின் மேலிருந்த ஆத்திரத்தில் அதன் பின்மூடியைக் கழற்றினேன். வடிகட்டி உள்ளேதான் இருந்தது, பொலித்தீன் உறைக்குள், மேலே நூலால் கட்டி.

ஹஸீப் நானா உரித்த அதே உறை. அம்மா அதை மடித்து அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாளாம். எங்கள் வீட்டு டீவி ரிமோட் இன்னும் பொலித்தீனுக்குள்தான் இருக்கிறது, இது முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தொடைக்கத் தொறந்தேன், புதுச்சாமான் அதுக்குள்ள கறுத்துப் போயிருச்சு" என்றாள் அம்மா. "அழுக்குப் படாம இருக்கட்டுமேன்னு..."

"அழுக்கு அதுல படத்தாம்மா வாங்கினது! அதுல படாதது இப்ப அவன் நெஞ்சில பட்டிருக்கு!"

லயமே கேட்கும்படி கத்தினேன். அவளுக்கு நான் சொன்னது ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். பெரியப்பாவுக்கு வந்திருந்த அதே வைரஸ் காய்ச்சல்தான். தினமும் அவன் இரத்தத்தை எடுத்து, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நாட்களில் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகமும் தப்பியது. "ஒன்னோடதுல்ல, ஒன்ன மாதிரியே பிடிவாதம்" என்று அண்ணன் சிரித்தான்.

அவன் வீடு வந்த பிறகு அம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்களிடம் பழத்தை வாங்கிக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்பினாள். பெரியப்பாவையும் அப்படியே. தலைக்கனம் வந்துவிட்டது என்று லயத்தில் பேசினார்கள். அம்மாவின் காதில் விழாமல் இருக்காது. உள்ளே சன்னல் திறந்திருந்தது, உறை இல்லாத மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

மழை பிடித்ததும் முன்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகியது. ஒரு நாள் வீட்டுப்படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தும்மல் வந்தது. அடுக்காக மூன்று.

அம்மா எழுந்து கதவை மறித்து நின்றாள்.

"அங்கேயே நில்லு."

"அம்மா, நான் மாஸ்க் போட்டிருக்கேன்."

"போட்டுக்க. போட்டுக்கிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போ. துணி கட்டித் தர்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருகிட்ட சொல்றீங்க? உள்ள இருக்கிறது என்னோட கிட்னிம்மா!"

"தெரியும்டி" என்றாள். கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒனக்கு அறுத்தப்பவும் நான்தான் வெளிய உக்காந்திருந்தேன். போ."

சோற்றுப் பாத்திரத்தையும் துணிப் பையையும் வாசற்படியில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை விலகி நின்றாள். நான் எடுத்ததும் கதவைச் சாத்தினாள். பெரியப்பா வீட்டுக்குப் போகிற ஏற்றம் முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து, அம்மா மறுபடி இளகிவிடுவாளோ என்று எனக்கு இருந்த பயம் அன்றைக்குத்தான் விட்டது.