ஜெயசிங் கொத்தனாருக்கு மேலே நடந்த வீட்டுவேலை

காரோடு என்ற ஊரில் ஜெயசிங் கொத்தனாரின் மூன்று சென்ட் நிலத்தில் மட்டும் பதினொரு வருஷம் வானத்திலிருந்து வீட்டுவேலைக் கழிவு விழுந்துகொண்டிருந்தது. முதலில் விழுந்தது செம்மண். 2012 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு. கொத்தனார் அதியன்னூரில் ஒரு மாடிவீட்டுச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் அது. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்த மனிதர், தன் வீட்டை ஜன்னல் உயரத்தோடு நிறுத்தி வைத்திருந்தார். மேலே நீல டார்ப்பாய். அதன்மேல்தான் மண் சடசடவென்று கொட்டியது. அவர் மனைவி சுகிர்தபாய் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தாள். தென்னை ஓலையும் ஆகாசமும் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஷியாமளாவின் முற்றம் பெருக்கிப்போட்ட சுத்தம் கலையாமல் கிடந்தது.

ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து புருஷனிடம் காட்டினாள். அவர் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"எட்டீ சுகிர்தம், இது அஸ்திவாரம் தோண்டுத மண்ணாக்கும்."

"ஆருக்க வீட்டுக்கு?"

"நமக்குத்தான். பரலோகத்துல பிதாவுக்க வீட்டுல நெறைய எடம் உண்டும்னு சின்னதுலேருந்து கேட்டுட்டு வாறோமே. பின்ன, ஒரு நாளு வேலைய தொடங்காண்டாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதர். சுகிர்தபாய்க்கு மண் விழுந்தது பெரிதாகப் படவில்லை, அந்தச் சிரிப்புத்தான் பெரிதாகப் பட்டது.

அன்று முதல் விடிந்ததும் முற்றத்தில் கிடப்பதைச் சுளவு என்கிற முறத்தில் வாரி வந்து கட்டிலருகே வைப்பது அவளுடைய வேலையாயிற்று. கொத்தனார் பத்திரிகை வாசிப்பதுபோல அதை வாசிப்பார். கருங்கல் சில்லு விழுந்தால் அஸ்திவாரம் ஏறுகிறது. கலவை விழுந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "சிமென்ட் ஒண்ணுக்கு மணலு அஞ்சு. நல்ல ஆத்துமணலு, எம்-சாண்ட் இல்ல கேட்டியா" என்பார். நெய்யாற்றில் மணல் அள்ளுவதைத் தடுத்து வருஷக்கணக்காகியிருந்ததால் அதில் அவருக்குத் தனிப் பெருமை. பஞ்சாயத்து மெம்பர் ஒரு தடவை வந்து, பக்கத்தில் குவாரி ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, விழுகிற கல்லை ரோட்டுக் குழியில் போடலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே போட்டார்கள். கதவு வேலை தொடங்கி அயனி மரத்தின் இழைப்புச் சுருள் விழத் தொடங்கியபோது ஷியாமளா கடவப் பெட்டியோடு வந்தாள். அடுப்புப் பற்றவைக்க அதைப்போல ஒன்று கிடையாது, ஒரே தீக்குச்சி போதும் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

கஷ்டம் கஷ்டமாகவேதான் இருந்தது. மேலேயிருந்து மண் விழுந்ததே தவிர அரிசி விழவில்லை. சுகிர்தபாய் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்ப் புல் செதுக்கினாள். மகள் பின்சி பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றாள். மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் காலைக்கும் ராத்திரிக்கும் மாறி மாறி வந்தன. ஆனாலும் அந்த வருஷங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பின்சியின் முகம் மலர்ந்துவிடும். அப்பா சுளவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தானும் அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்து அறை அறையாக அந்த வீட்டுக்குள் நடந்ததைச் சொல்வாள். ஒழுகாத வீட்டில் மழை கேட்ட காலம் அது என்பாள்.

2018-இல் டைல்ஸ் துண்டுகள் விழுந்தன. கொத்தனார் பிள்ளையைப்போலத் துள்ளினார், துள்ள முடிந்த அளவுக்கு. "இனி கொஞ்சந்தான் உண்டும்" என்றார். சுகிர்தபாய்க்கு அன்று கஞ்சி இறங்கவில்லை. தரை போட்டாயிற்று என்றால் வீட்டுக்காரன் குடிபோக நாள் பார்க்கிறான் என்பது கொத்தனார் பெண்டாட்டிக்குத் தெரியாதா? அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பழகிய கைகள். அவர் போய்விட்டால் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று நினைத்தாள்.

அந்த வியாழக்கிழமை சபைக்காரர் ஒருவர் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் அவள் முறை வந்தபோது, "கர்த்தாவே, அடுக்களைக்குப் பொறத்த ஒரு ஒர்க் ஏரியா இல்லாம எப்படி?" என்று விண்ணப்பம் வைத்தாள். சபைப் பெண்கள் மனசார ஆமென் சொன்னார்கள். ஒர்க் ஏரியா இல்லாத வீட்டை அந்தப் பகுதியில் யார் வீடு என்று ஒத்துக்கொள்வார்கள்? மறுநாள் மறுபடியும் செம்மண் விழுந்தது. அது முடியும் சமயத்தில் வாசலில் உட்கார ஒரு சிட்-அவுட் கேட்டாள். பிறகு மாடி. கொரோனா வந்து பாறசாலை முழுக்க வேலை முடங்கிக் கிடந்தபோதும் மேலே ஒரு நாள்கூட முடங்கவில்லை. மாடி முடிந்ததும் கார் போர்ச் கேட்டாள்.

கொத்தனார் அங்கேதான் பிடித்துவிட்டார்.

"எட்டீ, இது போர்ச்சுத் தூணு வார்க்குத கம்பி. சைக்கிளுகூட இல்லாத நமக்கு எதுக்கெட்டி கார் போர்ச்?"

அவள் சுளவை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"நீதானே கேட்ட?"

"ஆமா, நாந்தான். வேலை தீந்தா நீங்க போயிருவிய."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

ஆனால் அவருக்கு முதுகில் புண் வந்திருந்தது. அந்த மழைக்காலத்தில் அது ஆழமாகி எலும்பைத் தொட்டது. மருந்து கட்டும்போது அவர் பல்லைக் கடிப்பது ஷியாமளா வீடு வரை கேட்டது. ஒருநாள் கட்டி முடித்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகிர்தம், புதுப் பூச்சுக்கு ஆளு நின்னு தண்ணி நனைக்கணும். இல்லேன்னா செவரு வெடிச்சுப் போவும். நான் முன்ன போயி நனைச்சு வைக்கேன். நீ மெதுவா வந்தா போதும்."

அந்த வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. அவள் எழுந்து நின்று, "ஆண்டவரே, கார் போர்ச் வேண்டாம். வீடு போதும்" என்றாள். கூட்டத்தில் ஒருவரும் உடனே ஆமென் சொல்லவில்லை. கடைசியில் கட்டிலிலிருந்து கொத்தனார்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் விழவில்லை. சனிக்கிழமை சுண்ணாம்புத் துளிகள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, பின்சி தலைமாட்டில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, வலியில்லாமல் போனார். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். முற்றம் ஏழு நாள் சுத்தமாகக் கிடந்தது. பெருக்க ஒன்றும் இல்லாமல் சுகிர்தபாய் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

புதுவீட்டில் முதல்நாள் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும் என்பது காரோட்டில் எல்லா மதத்துக்கும் பொது. எட்டாம் நாள் காலை அவள் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது புறங்கையில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளையாக இருந்தது. நக்கிப் பார்த்தாள். பசும்பால். பிறகு முற்றம் முழுவதும் விழுந்தது. அவள் அண்ணாந்து நின்றாள், முகத்திலும் விழட்டும் என்று.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஷியாமளா, "என்ன சுகிர்தம் அக்கா, அங்க மழையா?" என்றாள்.

"இல்ல மக்கா. அவியளுக்குப் பால்காச்சு."

"நல்லா பொங்கிச்சா?"

"பொங்கி வழியுது, பாரு" என்று சொல்லிவிட்டு, பால்கறை லேசில் போகாது என்பதால், சுகிர்தபாய் துணிகளை வாரி உள்ளே கொண்டுபோனாள்.