பயணமானேன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையைக் கேட்டு வாங்கியவர் என் பதிப்பாளர். "பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க படிக்கணும். ஆள்கடத்தல் பத்தி. கண்ணீர் இருக்கட்டும், ஆனா புத்தகம் நனையக் கூடாது" என்றார். தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

பாத்திரத்தைத் தேடி நான் அலையவில்லை. வாரத்தில் மூன்று நாள், பெண் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். அங்கே பதினாறு வயதில் ஒருத்தி இருக்கிறாள். பட்டப்பெயர் பிசிறு. யார் துணியில் நூல் தொங்கினாலும் பிய்த்துவிடுவாள். (வார்டன் அம்மாவின் சால்வை ஓரம் பாதி காலி.) ஒன்றரை வருடம் ஒரு தையல் கூடத்தில், வெளிப்பக்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால், தைத்து வந்த சட்டைகளில் பிசிறு வெட்டியவள்.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கண்களிலும்

வாசித்துக் காட்டியதும், "அன்னைக்கு நல்ல வெயில் சார்" என்றாள் பிசிறு.

இரண்டாவது: "பெயிண்ட் அடித்த சன்னல் கண்ணாடியை அவள் நகத்தால் சுரண்டினாள். அந்தப் பொட்டளவு வெளிச்சத்தில் சுதந்திரம்

"நகத்தால சுரண்டினா பெயிண்ட் வராது. நீங்க சுரண்டிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை.*

* பிறகு என் வீட்டுச் சன்னலில் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் அப்படியே இருந்தது. நகம்தான் போனது.

3

தப்பிக்கும் கட்டம். சட்டைப் பைக்குள் ரகசியச் சீட்டு ஒன்றை வைக்கச் செய்தேன். "பேப்பர் யாரு குடுத்தா?" என்றாள். கூரை மேல் ஏற்றினேன். "எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்."

நடந்தது பல்வலி. கன்னம் வீங்கி வேலை கெட்டதால், சூப்பர்வைசர் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். எக்ஸ்ரே அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது என்று டாக்டர் அம்மா கதவைச் சாத்தினார். வாயில் அட்டையைக் கடித்தபடியே இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் புரியல சார். 'ஆடாம இரும்மா'ன்னாங்க. அட்டையத் துப்பிட்டு மறுபடி முதல்லேருந்து சொன்னேன்."

டாக்டர் வெளியே வந்து, "இன்னும் அரை மணி நேரம் ஆகும், உக்காருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் செய்தார்.

பதிப்பாளர் படித்துப் பார்த்தார். "உச்சக்கட்டத்துல கடைவாய்ப் பல்லா? கொஞ்சம் வீரமா ஏதாவது?" அட்டையைத் துப்பியதைவிட வீரமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

4

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.

அவளை அந்தக் கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் சொந்தச் சித்தி. காப்பகத்துக்கு வந்த வாரமே அவளுடைய வாக்குமூலத்தை எழுதினோம். எழுதியவன் நான். அவள் சொன்னது: "சித்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க." நான் எழுதியது: "சித்தியுடன் பயணமானேன்."

என்ன செய்ய, ஒரே பக்கத்தில் 'கூட்டிப் போனார்கள்' நான்கு தடவை வந்துவிட்டது. ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு சார், பாட்டு மாதிரி" என்று கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது சித்தி மனுப் போட்டிருக்கிறாள்: பிள்ளை விரும்பித்தான் என்னோடு வந்தாள், அவளே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள், என் பொறுப்பில் ஒப்படையுங்கள்.

பிசிறின் வக்கீல் அம்மா அந்த வாக்குமூலத் தாளை என் முன்னால் வைத்தார்.

"சார், இது யாரோட தமிழ்?"

"என்னோடது."

"அழகா இருக்கு. அழகா அவளத் திருப்பி அனுப்பிடும்."

5

விசாரணைக்கு முந்தின நாள் நான் யோசித்து வைத்த முடிவுகள்:

(அ) எழுத்தாளர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, மொழியின் துரோகம் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து

(ஆ) சித்தி மனம் திருந்தி

பிசிறிடம் காட்டினேன். "முதல் முடிவுல நான் எங்க சார் இருக்கேன்?" என்றாள். இருவரும் தேடினோம். அவள் இல்லை.

"உங்க மேல எனக்குக் கோவம்தான். ஆனா நாளைக்கு வரணும். நான்தான் மாத்தினேன்னு சொல்லணும். வேற எதுவும் பேசக் கூடாது, சரியா?"

"சரி."

"உருக்கமா எதுவும் கூடாது."

"சரிம்மா."

6

இன்று காலை நீதிபதி அம்மா கேட்டார். "'பயணமானேன்'னு நீ சொன்னியாம்மா?"

"இல்லம்மா. அப்படியெல்லாம் எனக்குப் பேச வராது. 'கூட்டிட்டுப் போயிட்டாங்க'ன்னுதான் சொன்னேன். சார் கதை எழுதுறவரு."

மன்றமே சிரித்தது. என் எழுத்துக்கு இதுவரை கூடியதிலேயே பெரிய கூட்டம் அதுதான்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "ஏன் மாத்தினீங்க?"

"நல்லா இருக்கும்னு…"

"யாருக்கு?"

ஆறு புத்தகம் எழுதிய நான், "நான்தான் மாத்தினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எதிர் வரிசையிலிருந்து சித்தி, "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அத்தனை பாசமான குரல். எனக்கே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

பிசிறு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதியைப் பார்த்து, "கேட்டீங்களாம்மா? அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்டாங்க" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

7

உத்தரவு மதியம்தான். நீதிமன்ற நடையில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து இதை எழுதுகிறேன். பிசிறு தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கிறாள்.

"முடிவு எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நல்லபடியா எழுதிடட்டுமா?"

"வேணாம் சார். நீங்க நல்லா எழுதினாத்தான் பயமா இருக்கு."

நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது வருகிறவரை எதுவும் நடந்துவிடவில்லை. முப்பது வருடமாக அந்த இடத்தை எது அழகாக ஒலிக்கிறதோ அதை வைத்து நிரப்பிவந்தேன். இந்தத் தடவை நிரப்பப் போவதில்லை. நீங்கள் நிரப்புவதானால், தயவுசெய்து முதலில் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேவகர் கதவைத் திறந்து கூப்பிடுகிறார். பிசிறு எழுந்துவிட்டாள். சித்தி இருக்கும் பக்கம் பார்க்காமல், வக்கீல் அம்மா நீட்டிய கையையும் பிடிக்காமல், யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல், கதவைத் தாண்டி உள்ளே