ரெண்டு தட்டு எடுங்க, பாய்

என் வீட்டுக்காரர் சீனி முகம்மதுவுக்கு இல்லை என்று சொல்ல வராது. கோலசிலாங்கூர் கடைத்தெருவில் இருந்த எங்கள் போட்டோக் கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார். அப்புறம் அதைச் செய்து முடிக்கிற பாடு என் தலையில் விழும்.

அன்றைக்கு வந்தவர் வள்ளியம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். படம் பிடித்துக்கொள்ள வந்த ஆளாகத் தெரியவில்லை. வேலைக்காட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"பாய், எங்க வீட்டுச் சுவர ஒரு படம் எடுத்துக் கொடுக்கணும்."

"சுவரையா?" என்றேன் நான். "ஏன்க்கா, அதுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா?"

கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தான் என்று யாரோ கைகாட்ட, அவருடைய மகன் காளியண்ணனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்டினால் மேற்கொண்டு விசாரிப்பார்களாம். காட்டாவிட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். காளியண்ணன் கடலையே ஜெராம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனபோதுதான் பார்த்திருக்கிறான். அவன் பெண்சாதி கலாவதி அப்போது நிறைமாதம்.

தோட்டத்துப் பிறப்புப் புத்தகம் ஜப்பான்காரன் காலத்தில் ஆபீசோடு எரிந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு சுவர். தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய டிரெஸ்ஸர் கார்த்திகேசுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் புத்தகத்தில் எழுதுவதோடு நிற்காமல், அந்த வீட்டுப் பலகைச் சுவரிலும் பெயர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காய்ச்சல் காலத்தில் யாருக்கு மருந்து கொடுத்தோம் என்று சுவரில் குறித்துக் குறித்து வந்த பழக்கம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வள்ளியம்மாவின் கணவர் இருசப்பன் இருந்தவரை, வெள்ளையடிக்க வருகிறவர்களை அந்த மூலையை மட்டும் தொட விட்டதில்லை.

இப்போது வரிசை வீடுகளான அந்த லயத்தையே இடிக்கப் போகிறார்கள். எல்லாக் குடும்பத்தையும் முள்கம்பி வேலிக்குள் புது லயத்தில் குடிவைப்பதாக உத்தரவு. பலகையை மட்டும் கழற்றி எடுத்துப் போனால் எந்த வீட்டுப் பலகை என்று யார் நம்புவார்கள்? வீடு நிற்கும்போதே படம் எடுத்தாக வேண்டும்.

"எடுத்துடலாம்மா," என்றார் இவர், வழக்கம்போல.

"ரெண்டு தட்டு எடுங்க," என்றேன். அந்தக் காலத்தில் படம் விழுவது கண்ணாடித் தட்டில். இவர் தட்டுப்பெட்டியைத் திறந்து, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகச் செருகிக் காட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஒரே பெட்டியில ரெண்டு வச்சா அது ரெண்டு இல்லைங்க, ஒண்ணுதான். பெட்டி கீழ விழுந்தா?"

முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு பெட்டியையும் எடுத்தார்.

லயத்து அறை பட்டப்பகலிலும் இருட்டு. கடையில் இருந்த நிலைக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். நான் வாசலில் நின்று அதைச் சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே அடித்தேன். சுவரில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வெறும் சுவராக எடுத்தால் போதாது என்று கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் நாராயணசாமியைப் பக்கத்தில் நிற்க வைத்தேன். மனிதர் சாட்சிக்கு நிற்கிறோம் என்பதை மறந்து மீசையை முறுக்கிக்கொண்டார். உள்பக்கம் திறந்த கதவில் வீட்டு நம்பரும் தெரிந்தது. முதல் பெட்டியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று எடுத்து முடித்தார். இரண்டாவது பெட்டியை நான் வாங்கி இடுப்பில் செருகி, மேலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டேன்.

தோட்டத்து வாசலில் சோதனை. வெளியே போகிறவர் கையில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் விடமாட்டார்கள். காவல்காரன் இவரை நிறுத்தி, "பெட்டியில என்ன?" என்றான். இவர் பதில் சொல்வதற்குள் மூடியை உருவி வெயிலில் தூக்கிப் பார்த்தான். போயிற்று. வெளிச்சம் பட்ட தட்டில் இனி ஒன்றும் மிஞ்சாது. இவர் முகம் வெளுத்துவிட்டது.

பெண்களைச் சோதிக்க லெட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். என் இடுப்பில் கை வைத்தவள் பெட்டி தட்டுப்பட்டதும் நிமிர்ந்தாள்.

"தொறந்தீன்னா காளியண்ணன் கப்பலேறிடுவான்," என்றேன் அவள் காதோரம். மிரட்டத்தான் நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது.

அவள் பெட்டியைத் துணியோடு தடவினாள், தட்டினாள், ஆட்டிப் பார்த்தாள். "அரிசி இல்ல. போலாம்லா," என்று காவல்காரனுக்குக் கேட்கும்படி சொன்னாள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் துஆ கேட்கிறேன்.

படம் நன்றாக விழுந்திருந்தது. காளியண்ணன் பெயர், பிறந்த தேதி, கார்த்திகேசுவின் வளைந்த கையெழுத்து, மண்டோரின் மீசை, எல்லாம் இருந்தன.

வள்ளியம்மா மனுக் கொடுத்ததன் பேரில், லயத்தை இடிப்பதற்கு முந்தின நாள் விசாரணை அதிகாரி தானே வந்து சுவரைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். படத்தை எடுத்துக்கொண்டு நாங்களும் போனோம். வாசலில் புதுக்கோலம். வீடெல்லாம் கழுவி விட்ட வாசனை.

துரை வருகிறார், வீடு அழுக்காக இருக்கலாமா, புகைக்கரி போனால் எழுத்தும் நன்றாகத் தெரியுமே என்று வள்ளியம்மா விடிந்ததும் விடியாததுமாகச் சுவரையும் சேர்த்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறார். கார்த்திகேசு எழுதியது, ஈரம் பட்டால் ஊதாவாகிக் கரைகிற பென்சிலால். பலகையில் பெயருமில்லை, தேதியுமில்லை. ஊதா நிறத்தில் ஒரு கறை வழிந்திருந்தது. அதற்குக் கீழே வள்ளியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எம் புள்ளைய நானே கழுவிட்டேனே," என்றார்.

நான் படத்தை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கூட வந்த ஆபீஸ் கிராணி தமிழில் சொன்னார்: "இது வேற ஏதோ சுவருங்கிறாரு துரை."

"இல்லை," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"இல்லைங்க துரை. இதே சுவர்தான்." படத்தில் எழுத்துக்கு மேலே ஒரு மரக்கணு. விரலை அதில் வைத்துவிட்டு, சுவரிலும் அதே இடத்தில் வைத்தார். படத்தில் தலை வளைந்த ஆணி, சுவரிலும் அதே ஆணி. பலகை வெடிப்பு கதவுப் பக்கம் பிரிந்து போகிறது, இங்கேயும் பிரிந்து போகிறது. எழுத்து இருந்த இடத்திலிருந்துதான் ஊதாவும் வழிந்திருந்தது. மண்டோரும் வந்து அன்று நின்ற இடத்தில் நின்றார். கேட்காமலேயே மீசையையும் முறுக்கினார்.

அதிகாரி கணுவைத் தானே தொட்டுப் பார்த்தார். படத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்த்திகேசு கையெழுத்துப் போட்ட பழைய தாள்கள் வேறொரு ஆஸ்பத்திரியில் கிடைத்தன, படத்தில் இருந்ததோடு ஒத்துப்போயின. கப்பலேற்றுவது நின்றது. விசாரித்ததில் அரிசிக் கதையும் பொய் என்றாகி, காளியண்ணனை விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான். இளைத்திருந்தான். கையில் துணி சுற்றிய பெண்குழந்தை, பின்னால் கலாவதி, அவளுக்குப் பின்னால் வள்ளியம்மா. பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்றான். அதன் பிறப்பை முறையாகப் பதிந்தாயிற்றாம். ஊதாக் கறைப் பலகையைப் புது வீட்டில் தொட்டிலுக்கு மேலே அடித்திருக்கிறார்களாம்.

"அப்புறம் படம் எதுக்கு?" என்று கேட்டு வைத்தேன்.

வள்ளியம்மா இவரைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு தட்டு எடுங்க, பாய். ஒரே பெட்டியில வைக்காதீங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால், எனக்கே சொல்லித் தருகிறாயா என்று பாய்ந்திருப்பேன். அன்றைக்குத் துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பெட்டியை எடுக்க உள்ளே போனேன்.