கழலாத முனை

என் மனைவி வெர்னா போன வருஷ வேட்டையில் ஒரு மானைத் தவறவிட்டாள். வெறுமனே குறி தப்பியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பாள். அம்பின் நுனியில் திருகி மாட்டியிருந்த முனை, புதருக்குள் நடந்த நடையில் தானாகவே கொஞ்சம் கழன்றிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. வில்லை விட்டுக் கிளம்பிய அம்பு வாலாட்டிக்கொண்டே போய், நெஞ்சுக்குப் பதில் மானின் முதுகு மயிரைச் சிரைத்துவிட்டு அப்பால் விழுந்தது. மானுக்குப் பெரிய காயமில்லை. ஆனாலும் பொழுது சாயும்வரை தடம் பிடித்துப் போய், அது சதுப்பைத் தாண்டித் துள்ளி ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெர்னா திரும்பினாள்.

"இனிமே என் அம்புல முனை ஆடாது. ஆடுச்சுன்னா வில்லை ஒடிச்சு அடுப்புல போடு," என்றாள் என்னிடம்.

அவள் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறவள். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே எங்கள் பக்கம் விழுகிற பனிக்கு நடுவில் அந்த லாரியை ஓட்டுகிறவள் சும்மா வார்த்தை விடமாட்டாள். அந்த வார்த்தை என் காதில் மட்டும் விழுந்திருந்தால் பரவாயில்லை. என் தம்பி தவுனோவின் காதிலும் விழுந்தது.

தவுனோ கூரை வேய்கிறவன். அண்ணி என்றால் அவனுக்கு உயிர். மனசு நினைப்பதற்குள் கை செய்துவிடும், அதுதான் அவனிடம் சிக்கல்.

இந்த வருஷம் வில் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மதியம் நாங்கள் மூவரும் காட்டுக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு முழங்கால் சரியில்லை, வேட்டைக்குப் போவதில்லை. சமையலும் விறகும் என் பொறுப்பு. இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டிகளை அடுப்பில் சூடாக வைத்துவிட்டு, காபிக்குத் தண்ணீர் கொதிக்கவிட்டேன். வெர்னா மேசையில் அம்புகளைப் பரப்பினாள். கோடை முழுக்க நுரைப்பஞ்சு மான் பொம்மைகளில் பழகிய மொட்டை முனைகளைக் கழற்றிவிட்டு, கத்திபோல் கூரான அலகு வைத்த வேட்டை முனைகளை மாட்ட வேண்டும். ஒரு முனையைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இடுக்கியால் பிடித்துத் திருகினாள். அப்போதும் அசையவில்லை. அடுத்த அம்பும் அப்படியே.

"ஈவர், இங்க வா. இந்த முனைக்கெல்லாம் என்ன வந்துச்சு?"

நான் வாய் திறக்கும் முன்னே தவுனோ பல்லைக் காட்டினான்.

"அசையாது அண்ணி. ஆடாத முனை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? போன வாரம் நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப வந்து ஒவ்வொரு திருகு மரைக்கும் சூப்பர் க்ளூ விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாம பண்ணணும்னுதான் சொல்லல."

வெர்னா அவனையும் அம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, இது பயிற்சி முனை. மொட்டை. நாளைக்கு மான் வந்து நின்னா, இத வச்சு அதுக்கு முதுகு சொறிஞ்சு விடட்டுமா?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "ஐயையோ. உங்க அம்புல இருந்தது பயிற்சி முனைன்னு எனக்குத் தோணவே இல்லையே. நான் என்னோடதுல வேட்டை முனையவே வச்சு ஒட்டிட்டேன்."

"அது உன் பாடு."

"இருங்க, ஒரு நிமிஷத்துல கழட்டித் தரேன்," என்றவன், குழாய் பற்றவைக்கும் சின்ன எரிவாயு விளக்கை எடுத்துக் கொளுத்திவிட்டான். 'வேண்டாம்' என்று வெர்னா சொல்லி முடிப்பதற்குள் முனையோடு சேர்த்து அம்பின் தண்டுமேலும் நெருப்பு பட்டது. கார்பன் தண்டு கருகி, நுனி நார் நாராகப் பிளந்தது. முனை மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "டேய், வெளிய போய் விறகு பொளக்கிறியா, இல்ல உன்னைப் பொளக்கட்டுமா?"

"அவனை விடு ஈவர்," என்றாள் வெர்னா. குரலில் பதற்றமே இல்லை. கருகிய அம்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்து, நுனியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பசை எங்க இருக்கு? முனைக்கும் உள்ள இருக்கிற அலுமினியக் குழலுக்கும் நடுவுல. அந்தக் குழலை அம்புக்குள்ள ஒட்டினது யாரு?"

"நீதான்."

"எதால ஒட்டினேன்? சூட்டுல உருகுற பசையால. கொதிக்கிற தண்ணிக்கே அது இளகிடும். முனையத் திருக வேண்டாம். குழலோட சேத்து உருவிடலாம். காபிப் பானையக் கொண்டா."

"அது நம்ம காபி."

"காபி பெறகு போட்டுக்கலாம்."

கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் முக்கிப் பிடித்தாள். தண்டின் மேல் ஈரத்துணி சுற்றியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தாள். மெல்லிய சத்தத்தோடு முனையும் குழலும் ஒன்றாக வெளியே வந்தன. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"இப்ப கொளுத்து உன் விளக்கை," என்றாள் தவுனோவிடம். "இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். ஆசை தீரக் காய்ச்சு. ஜன்னலைத் திற, அந்தப் பசைப் புகை ஆகாது."

அவன் அடக்கமாகக் காய்ச்சினான். பசை புகைந்து விட்டுக்கொடுத்தது. குழலைத் துணியோடு இடுக்கியில் பிடித்துக்கொண்டு வெர்னா திருக, முனை சுலபமாகக் கழன்றது. மரையில் ஒட்டியிருந்த பசையை ஊசியால் சுரண்டினாள். பொழுது இறங்குவதற்குள் நல்ல அம்புகள் எல்லாவற்றிலும் குழல்கள் பழையபடி உருகு பசையால் ஒட்டப்பட்டு ஆறிப்போய் நின்றன.

கடைசி வேலையை அவள் யாரையும் தொடவிடவில்லை. வில் நாணுக்குப் பூசுகிற மெழுகுக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு வேட்டை முனையின் மரையிலும் நகத்தால் தடவினாள். முனை முடுக்கும் சாவியால் திருகி இறுக்கினாள். அலகுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகவே இல்லை. பிறகு அம்பைச் செங்குத்தாக மேசைமேல் நிறுத்திப் பம்பரம்போலச் சுழற்றினாள். ஒரு முனை லேசாகத் தள்ளாடியது. கழற்றி, மெழுகில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்து, மறுபடி மாட்டினாள். இந்தத் தடவை அசையாமல் சுழன்றது.

"வெறும் மெழுகு போதுமா அண்ணி?" தவுனோவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"போதும். குளிர்ல மெழுகு இறுகிடும், நடக்கிற அதிர்வுக்குக் கழலாது. நான் கழட்டணும்னு நெனச்சா மட்டும் கழலும். எனக்கு அப்படித்தான் வேணும்."

"நான் ஒட்டினது ஒரு நாளும் கழலாது."

"நீ கும்புட்டாலும் கழலாது."

மறுநாள் விடியுமுன்னே இருவரும் கிளம்பிப் போனார்கள். வெர்னா சதுப்போரத் தேவதாரு மரங்கள் பக்கம், தவுனோ ஓடைக்கு அந்தப் பக்கம். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெயில் விழுந்த நேரத்தில் வெர்னா தனியாக வருவது தெரிந்தது. ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடித்து லாரியை நிறுத்திவிட்டு வருகிறவளைப்போல நடந்து வந்தாள்.

"கத்திய எடுத்துக்கிட்டு வா. கயிறும் வேணும்."

"விழுந்துடுச்சா?"

"பாக்கிற தூரத்துலயே."

போகும் வழியில் சொன்னாள். கிளை பிரிந்த கொம்புள்ள மான் கிடாய், தலை குனிந்து பாசியை மேய்ந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பி நின்றதாம். "முனைய ஒரு தடவை தொட்டுப் பாத்தேன். இறுக்கமா இருந்துச்சு. அதுக்கப்பறம் முனைய நெனைக்கவே இல்ல, மானை மட்டும்தான் பாத்தேன். அம்பு கோடு போட்ட மாதிரி போச்சு, ஈவர்." சொல்லிவிட்டுச் சந்தோஷத்தில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அம்பு கிடாயின் நெஞ்சை ஊடுருவி, பின்னால் விழுந்து கிடந்த மரத்தில் அலகு மறையும்வரை இறங்கியிருந்தது. நான் பிடித்து இழுக்கப் போனேன். வெர்னா என் கையைத் தட்டிவிட்டாள். தண்டைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினாள். முனை மரத்திலேயே நிற்க, தண்டு அலுங்காமல் கழன்று அவள் கைக்கு வந்தது. பிறகு கத்தியால் சுற்றிலும் செதுக்கி முனையையும் எடுத்தாள். துடைத்துத் தீட்டினால் நாளைக்கே உதவும்.

நாங்கள் கிடாயை இழுத்துக்கொண்டு குடிலுக்கு வந்தபோது தவுனோ படியில் உட்கார்ந்திருந்தான். அம்புக்கூட்டில் ஒன்று குறைந்திருந்தது.

"எங்க தம்பி உன் அம்பு?"

"ஒரு மான் வந்துச்சு அண்ணி. நான் விட்டது வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரத்துல போய்க் குத்திக்கிச்சு."

"எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"வரலையே! இழுத்தேன், திருகினேன், மரத்துல கால வச்சு உதைச்சும் பாத்தேன். தண்டு முறிஞ்சு கையோட வந்துடுச்சு." முறிந்த துண்டை எடுத்துக் காட்டினான். "உள்ள நல்லா ஒட்டியிருக்கு. அத ஒத்துக்கணும்."

வெர்னா சிரித்த சிரிப்பில் கூரைமேல் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது. அவனும் சிரித்துவிட்டான். சாயங்காலம் சவுனாவில் நீராவிக் குளியல் முடித்து, மானின் ஈரலை வெங்காயத்தோடு வறுத்துத் தின்றோம். தின்ற கையைத் துடைத்துக்கொண்டு தவுனோ தன் மிச்ச அம்புகளை எடுத்து வந்து அண்ணியின் முன்னால் பரப்பினான். பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றியதும் அவன்தான்.