இரண்டே செட்

காலை ஒன்பது மணிக்கு ராஜராஜேஸ்வரி வீட்டைப் பூட்டப் போன நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. வாட்ஸ்அப்பில், ஏதோ வெளிநாட்டு எண்ணிலிருந்து. பச்சை நைட்டி போட்ட ஒருத்தி, தோளில் துண்டோடு, மாநகராட்சி வண்டியில் குப்பை வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இதை எதற்கு எனக்கு அனுப்புகிறார்கள் என்று யோசித்தவள், வாளியின் உடைந்த கைப்பிடியைப் பார்த்த பிறகுதான் அது தானே என்று கண்டுகொண்டாள். இன்று காலை ஆறரை மணிக்கு எடுத்தது. கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: உங்க பையன் இன்னைக்கு ரெண்டே செட்ல தோக்கணும். யார்கிட்டயும் போகாதீங்க. வீட்ல நீங்க தனியாத்தான் இருக்கீங்க.

மூன்று தடவை படித்தாள். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பெருமாள்புரத்தின் எல்லாக் காலைகளையும் போல ஆளில்லாத தெரு. எதிர்வீட்டுச் சுவர், ஒரு கார், கார்மேல் உதிர்ந்த வேப்பிலை. இதில் எங்கே நின்று எடுத்திருப்பான்?

மகன் சிவகணேஷுக்கு இருபத்து நான்கு வயது. டென்னிஸ் உலகத் தரவரிசையில் அறுநூற்றுச் சொச்சம். வருஷத்தில் பாதி நாள் கெய்ரோ, அந்தால்யா என்று சின்னச் சின்னப் போட்டிகளுக்கு அலைபவன், முதல்முறையாகச் சொந்த ஊரிலேயே ஒரு சர்வதேசப் போட்டியில் ஆடுகிறான். பாளையங்கோட்டையில், ஆண்கள் ஒற்றையர் பிரிவில், இன்று காலிறுதி. மூன்று செட்டில் இரண்டை எடுப்பவன் ஜெயிப்பான். கணவர் தில்லைநாயகம் போய் நாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மகனும் இன்று விடியவே மைதானத்துக்குப் போய்விட்டான். அவன் தோற்றால் பந்தயம் கட்டியவர்கள் போனில் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், ஜெயித்தால் வேறு சிலர் திட்டுவார்கள். "அவனுவ ரூமுக்குள்ள உக்காந்து டைப் அடிக்குத பயலுவம்மா, விடுங்க" என்பான். இந்தப் படம் எடுத்தவன் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. தெருவுக்கு வந்திருக்கிறான்.

வாசலில் பைக் வந்து நின்றது. அம்மார். எட்டாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்தவன். சிவகணேஷோடு சேர்ந்து மட்டை பிடிக்கப் பழகியவன். இதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டான்.

"டீச்சர், சிவா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னான். ஏறுங்க."

"நான் ஆட்டோல வந்துக்கிடுதேன்லே."

"இல்ல டீச்சர், என்கூடத்தான் வரணும்னு சொல்லிட்டான்."

இத்தனை வருஷத்தில் அவளை அழைத்துவர மகன் ஆள் அனுப்பியதே இல்லை. படம் வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இவன் வந்து நிற்கிறான். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது மனசை விட்டுப் போகவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைத் தொடாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அம்மார் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே ஓட்டினான். யாருக்கோ ஜாடை காட்டுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மைதானத்தில் கடைசி வரிசையில், பந்தல் நிழலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முந்நூறு பேர் இருக்கலாம். முந்நூறு பேர் கையிலும் போன். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் குனிந்து எதையோ தட்டினார்கள். முந்தின நாளெல்லாம் இதே கூட்டத்தைப் பார்த்து, நம்ம ஊர் பிள்ளைக்கு இவ்வளவு பேரா என்று பூரித்திருந்தாள்.

எதிராளி செக் நாட்டுக்காரன், நெட்டையன். சிவகணேஷ் அன்று நன்றாகத்தான் ஆடினான். அதுதான் அவளைக் கொன்றது. நாலுக்கு மூன்று, ஐந்துக்கு நாலு என்று மகன் முன்னேற முன்னேற அவள் முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. சொன்னால் தோற்பானா? மாட்டான், அப்பனைப் போல. கைகளை மடிக்குள் கோத்துக்கொண்டு அம்மனை வேண்டினாள். காந்திமதியம்மா, என் பிள்ளை தோத்துறட்டும். பத்து வயதிலிருந்து அவன் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட அதே உதடுகள். பந்து வலையில் மாட்டட்டும். கோட்டுக்கு வெளியே போகட்டும்.

அம்மாரின் பார்வை ஆட்டத்தில் இல்லை. கூட்டத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

ஆறுக்கு ஆறாகி, செட்டை முடிவுசெய்யும் டை பிரேக்கில் ஐந்துக்கு ஆறு என்று நின்றபோது சர்வீஸ் சிவகணேஷுடையது. முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதை ஓங்கினான், ஒரு முழம் வெளியே. முதல் செட் போய்விட்டது. கூட்டம் மொத்தமும் "ச்சே" என்றது. ராஜராஜேஸ்வரிக்கு மட்டும் மூச்சு வந்தது. வந்த மறுகணமே, கூட்டத்துக்கு நடுவில் துணி விலகினவளைப் போல் கூசிப்போனாள்.

மகன் துண்டை எடுத்துக்கொண்டே பந்தலை நோக்கி ஒவ்வொரு வரிசையாகத் தேடினான். அவளைக் கண்டதும் பார்வை அங்கேயே நின்றது. தோற்றவன் முகமாக அது இல்லை. திருவிழாவில் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தேடித் திரும்பக் கண்டுபிடித்த பிள்ளையின் முகம். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது செட்டில் இரண்டுக்கு நாலு என்று பின்தங்கினான். இன்னும் இரண்டு கேம் போனால் முடிந்தது, வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கப்புறம்? அடுத்த போட்டிக்கு முன்னால் ஒரு படம் வரும். அதற்கடுத்ததற்கும் வரும். சாகிறவரை அவள் மகன் தோற்பதற்காகக் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். சட்டென்று எழுந்தாள்.

"டீச்சர், எங்க போறிய? தனியாப் போகாதிய!" அம்மார் பின்னாலேயே ஓடி வந்தான்.

போட்டி நடத்தும் சூப்பர்வைசர் ஒரு சின்ன அறையில் இருந்தார். சென்னைக்காரர். அவள் நீட்டிய போனைப் பார்த்தார். அதிர்ச்சியே காட்டவில்லை.

"உக்காருங்க மேடம். இதே படம் காலைல உங்க பையனுக்கும் வந்துச்சு. எட்டரை மணிக்கே எங்ககிட்ட காட்டிட்டார். போலீஸ்ல சொல்லிட்டோம், இப்ப ரெண்டு போலீஸ்காரங்க உங்க தெருவுலதான் இருக்காங்க. ஆட வேணாம்னா விலகிக்கலாம்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஆடுறேன்னார். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், பயந்துருவாங்கன்னார்."

அவள் திரும்பி அம்மாரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கள விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் டீச்சர். வீட்டுல நீங்க ஒத்தையில இருக்கக் கூடாதுன்னுதான் அத்தன அவசரமாக் கூப்பிட்டேன். பயந்துட்டியளோ?"

"உன்னயப் பாத்துத்தாம்லே பயந்தேன்" என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் செட்டைச் சிவகணேஷ் பயத்தில் விட்டானா, பந்துதான் தவறியதா, இல்லை அவளுக்காகவேதான் வெளியே அடித்தானா? கேட்டால் பதில் வரும். அது உண்மையா என்றுதான் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

திரும்பி வந்தபோதும் இரண்டுக்கு நாலுதான். அவள் பந்தலுக்குள் போகவில்லை. முந்தானையைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, படி இறங்கி, ஒருத்தரும் உட்காராத வெயிலடிக்கும் முன்வரிசைக்குப் போனாள். முந்நூறு போன்களுக்கும் இப்போது முதுகு காட்டி உட்கார வேண்டியிருந்தது. பிடரியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவகணேஷ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்துவிட்டுத் தட்டுவதை நிறுத்தினான். பிறகு அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான். அம்மாவுக்கும் எல்லாம் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அடிலே சிவா!" என்றாள். வகுப்பறையில்கூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. நடுவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றுக்கு நாலு. நாலுக்கு நாலு. ஏழுக்கு ஐந்து என்று அந்தச் செட்டை எடுத்தபோது கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சொன்ன இரண்டு செட் முடிந்தது. ஆட்டம் முடியவில்லை.

சிவகணேஷ் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். திறக்கவில்லை. விரல் வழுக்கி வழுக்கிப் போனது. துண்டால் பிடித்துத் திருகிப் பார்த்தான். பின்னால் யாரோ, வெயில்ல பயலுக்குக் கையில தசை பிடிச்சிருக்கு வே, என்றார். அது வெயில் இல்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சிவகணேஷ் மூடியைப் பல்லால் கடித்துத் திருகினான். பாட்டில் ஆடி, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதியை நிதானமாகக் குடித்துவிட்டு, ஈர முகத்தோடு அவளைப் பார்த்தான். மூன்றாவது செட்டுக்கு நடுவர் "டைம்" என்றார்.