பூவாடைக்காரிக்கு வைத்த பாயசம்

குடுபல்லியில் யசோதா வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூத்தவள் ஒருத்தி முன்னமே இருந்தாள், கொல்லையில் மஞ்சள் அரளி மரமாக. சந்திரசேகரின் முதல் பெண்டாட்டி சிவசங்கரி, அவன் வந்துபோகும் ரயிலடிப் பாதையைப் பார்த்தாற்போல் ஆசையாய் நட்ட மரம் அது. அதன் கொட்டையைத் தின்றுதான் செத்தாள். சுமங்கலியாய்ச் செத்தவள் வீட்டுக்குப் பூவாடைக்காரி, சாமி. அவள் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று சந்திரசேகர் ஒரே பிடியாய் நின்றான். நிற்கிறவனுக்கு என்ன, திங்கட்கிழமையானால் பெங்களூருக்கு ரயிலேறிவிடுவான். அங்கே நாளுக்கொரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது, மேஸ்திரிக்கு ஓய்வேது. மரத்தோடு மல்லுக்கட்டுவது யசோதாதான்.

மூத்தவள் விட்டுப்போன பிரியங்கா இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அவளுக்காகவே யசோதா விடிந்ததும் கையில் துணி சுற்றிக்கொண்டு பச்சைக் காய்களைப் பறித்துக் குழியில் புதைப்பாள். புகையும் விஷமென்று அந்தச் சுள்ளியை மறந்தும் அடுப்பில் வைக்க மாட்டாள். மரத்தடியில் குனிந்து பெருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ பார்ப்பது போலவே இருக்கும்.

"அக்கா, ஒம் பொண்ண எங்கிட்டயே வுட்டுடு" என்று மரத்திடம் கெஞ்சுவாள்.

ஆடி வெள்ளி, பூவாடைக்காரி படையல். சந்திரசேகரும் வேலையை விட்டு வந்திருந்தான். வேலை தலைக்கு மேல் கிடந்ததில் அன்று காய் பறிக்க விட்டுப்போயிற்று. புதுப்புடவை, பூ, வடை, பாயசம் என்று செத்தவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். படைத்ததை வீட்டார் எல்லோரும் சாப்பிட வேண்டும். யசோதா பாயசத்தில் கரண்டியை விட்டாள். நசுங்கிய பச்சைத் தோல் ஒன்று மேலே வந்தது.

பிரியங்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலெல்லாம் காயின் பால் பிசுபிசுத்தது.

"இன்னாடி போட்ட இதுல?"

"அரளிக்கா. அம்மாக்குப் புடிச்சத வெக்கணும்னு நீதான சொன்ன? அதத்தான் கடைசியா துன்னுச்சாமே. கொழாயாண்ட பேசிக்கினு இருந்தாங்க."

"நீ துன்னியா?"

"சாமிக்கு வெக்காம துன்னலாமா, சின்னம்மா?"

யசோதா அவளை வாரிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பாயசத்தைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள்.

"ஒங்கம்மா அத புடிச்சித் துன்னலடி."

"அப்பறம் ஏன் துன்னுச்சு?"

தீராத வயிற்றுவலி என்றுதான் யசோதாவுக்குச் சொல்லியிருந்தார்கள். சந்திரசேகர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இந்த நைனாதான் வர்ல கண்ணு. ஒங்கம்மா ஆளு மேல ஆளா சொல்லி அனுப்பிச்சு. வேலை வேலைன்னு நான் வரவே இல்ல."

முதுகில் பட்ட அந்தப் பார்வை யாரைத் தேடியது என்று யசோதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொல்லைக்கதவு வழியே பார்த்தாள். மரம் ரயிலடிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது.