நார்மல்னு ஒரு காகிதம்

தையல்காரர் காரைப் பின்னால் எடுத்தபோது என் கால் தாமதமாக இறங்கியது. நடந்தது அவ்வளவுதான். கார் ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நீங்க மிதிப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார் தையல்காரர்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாக. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்பவர் மறந்தால் நான் மிதிக்க வேண்டும். அதுதான் தொழில், மற்றதெல்லாம் பேச்சு. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் டீச்சர். வீட்டில் சாப்பிடும்போது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால், மேஜைக்கு அடியில் என் வலது கால் தரையை மிதிக்கும். சொல்லிக்கொடுக்காமலே செய்யும்.

அந்தக் கால் சில மாதங்களாக என் பேச்சைக் கேட்கவில்லை.

கால் மட்டுமல்ல. வெயிலில் கம்பளிச் சட்டை போட்டேன். எழும்போதே களைத்திருந்தேன். மோதிரம் கழலவில்லை. குரல் கரகரத்தது. ஒருநாள் நடுத்தெருவில் 'கிளட்ச்' என்ற சொல் வரவே இல்லை. "அந்த... இடது கால்ல இருக்குமே, அது" என்று சமாளித்தேன். முடி சீப்போடு வந்தது.

குப்பைத்தொட்டி விழுந்த அன்று மாலை முதலாளி கூப்பிட்டார். பயிற்சிப் பள்ளி அவருடையது. குணத்தில் மோசமில்லை. பொறுமை மட்டும் கிடையாது.

"உடம்புக்கு என்னம்மா?"

"தைராய்டு சார்."

"அதான் மாத்திரை சாப்பிடறியே."

"சாப்பிடறேன் சார்."

"அப்புறம் என்ன?"

அதைத்தான் நானும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நார்மல்னு ஒரு காகிதம் கொண்டு வா. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன். அதுக்கப்புறம் அந்த சீட்டுக்கு வேற ஆள்தான்."

மறுநாளிலிருந்து கவுன்டரில் உட்கார்ந்தேன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். போட்டோ ஒட்டினேன். கார்ச் சாவி எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. புதிதாக வந்த ஆள் அதை எடுக்கும்போதெல்லாம் என் தலைக்கு மேல் கை நீட்டினான்.

காகிதம் என்னிடம் இல்லாமல் இல்லை. ஒரு ஃபைல் நிறைய இருந்தது.

எனக்குத் தைராய்டு சுரப்பது குறைவு. மூன்று வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். தினம் காலையில் நூறு மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் தைராய்டு என்ற நினைப்பே இல்லாமல் இருந்தேன். பிறகு, வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கி வந்தது.

டி.எஸ்.எச். என்பது அந்த எண்ணின் பெயர். அது தலைகீழான எண். மாத்திரை போதவில்லை என்றால் ஏறும். மாத்திரை மிஞ்சினால் இறங்கும். எனக்கு 0.2. நார்மலுக்குக் கீழே.

"மாத்திரை அதிகமாயிடுச்சு" என்றார் டாக்டர். நூறை எழுபத்தைந்தாகக் குறைத்தார்.

ஒரு மாதத்தில் குளிர ஆரம்பித்தது. போய்ச் சொன்னேன்.

"அதிகமா இருந்தா வேர்க்கணும்மா. குளிரக் கூடாது."

"குளிருதே டாக்டர்."

"ரிப்போர்ட்ல அதிகம்னு இருக்கே."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். அது எதிர்த்துப் பேசவில்லை.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை டாக்டர்."

ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன்.

இரண்டாவது பரிசோதனையிலும் அதே 0.2. எனக்குச் சந்தேகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் வேறொரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். அங்கே 7.4. அதாவது மாத்திரை போதவில்லை. இரண்டு காகிதங்களையும் டாக்டர் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஒரே வாரம், ஒரே கை, ஒரே ரத்தம்.

"அந்த லேப் எனக்குப் பழக்கமில்லை" என்றார். "நம்ம லேப்லயே எடுங்க." எழுபத்தைந்தை ஐம்பதாக்கினார்.

என் கணவர் கணக்கு வாத்தியார். என் எண்களை வரைபடத்தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். பால் எடுக்கப் போனால் நான் தெரிவேன்.

"எண் பொய் சொல்லாது" என்றார்.

"அப்ப நான் சொல்றேனா?"

"நீ சொல்லலை. உன் உடம்பு சொல்லுது."

"என் உடம்பு யாருங்க, பக்கத்து வீட்டுக்காரியா?"

அவர் பென்சிலைச் சீவினார். இரண்டு லேப் எண்களையும் கூட்டினார். இரண்டால் வகுத்தார்.

"3.8. பாரு, நார்மல்."

"சரி. நார்மலா இருக்கிறவளுக்கு அந்தப் போர்வையை எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அதனால்தான் கோபம் இன்னும் வந்தது. கெட்டவரென்றால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

என்னைப் பார்த்து உருப்படியாக ஏதாவது செய்தவள் நாத்தனார் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன். முதல் 0.2 வருவதற்கும் முன்பே, என் வகிடு அகலமானதைக் கவனித்தவள் அவள். ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே சிவப்பு நிறத்தில் மென்மையான குட்டிக் கரடி மிட்டாய்கள்.

"தினம் ரெண்டு போட்டுக்கங்க அண்ணி. முடி புல்லு மாதிரி வரும்."

என் கணவரும் கை நீட்டினார். அவர் தலை பல வருடமாக வெறும் தரை.

"உனக்கு எதுக்குண்ணா?" என்றாள். "விதைக்கறதுக்கு நிலம் வேணாமா?"

ஜாடி சாப்பாட்டு மேஜையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. மாத்திரைகளின் இடம் படுக்கையறை இழுப்பறை. எங்கள் வீட்டில் கரடியைக் கரடி என்றுதான் சொன்னோம். "கரடி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டு நாத்தனார் அடுத்த ஜாடி அனுப்புவாள். முடி இன்னும் கொட்டியது. இரண்டை நான்காக்கினேன்.

மாதம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தபோது, அடுத்த ரத்தம் கொடுக்க டாக்டர் சொன்ன லேபுக்குப் போனேன். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒன்பது பேர். தலை சுற்றியது. கைப்பையில் ஒரு பொட்டலத்தில் கரடிகள் இருந்தன. ஒவ்வொரு பரிசோதனை அன்றும் அப்படித்தான் கொண்டுபோவேன். இரண்டை வாயில் போட்டேன். அந்த நேரம் பார்த்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

ரத்தம் எடுக்கும் பெண் என் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள்.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன். வாயைத் திறக்காமல் சொன்னதால் அது சரியாக வரவில்லை.

"வெறும் வயித்துலதானே வரச் சொன்னோம்."

"சாப்பாடு இல்லம்மா. சும்மா கரடி."

அவள் பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கரடியா?"

பொட்டலத்தைக் காட்டினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது முடிக்குச் சாப்பிடறதுதானே?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"ஒரு நாளைக்கு?"

"நாலு. இன்னிக்கு இதுவரைக்கும் ரெண்டு."

அவள் பட்டையைச் சடாரென்று அவிழ்த்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அந்தக் காலையில் அவளுக்கு எத்தனையாவது தலைவலி நான் என்று தெரியவில்லை.

"இதுல பயோட்டின் இருக்கு. நிறையவே இருக்கும். அது ரத்தத்துல இருந்தா எங்க மெஷின் குழம்பிடும். டி.எஸ்.எச். கம்மியா காட்டும், தைராய்டு கூடுதலாக் காட்டும். எல்லா மெஷினும் இல்ல. எங்க மெஷின் அப்படி."

"அப்ப இன்னொரு லேப்ல வேற மாதிரி வந்துதே?"

"அவங்க மெஷின் வேறயா இருக்கும்."

வாயில் கரடி பாதி கரைந்திருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"போர்டுலயே போட்டிருக்கோமே."

சுவரைக் காட்டினாள். போர்டு இருந்தது. 'வரிசையில் வரவும்' என்ற அட்டை அதைப் பாதி மறைத்துத் தொங்கியது. 'சத்து மாத்திரைகள் சாப்பிடுவோர்' என்பதில் 'சாப்பிடுவோர்' மட்டும் தெரிந்தது.

"ஒரு வாரம் இதைத் தொடாதீங்க. அப்புறம் வாங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஜாடியைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் எல்லாம் அச்சடித்திருந்தது. ஒளிவுமறைவே இல்லை. முடி கொட்டியது என்று கரடி. கரடியால் எண் இறங்கியது. எண் இறங்கியதால் மாத்திரை குறைந்தது. மாத்திரை குறைந்ததால் முடி கொட்டியது. அதற்கு இன்னும் இரண்டு கரடி. ஏழு மாதம் இந்த ரவுண்டானாவைச் சுற்றியிருக்கிறேன். ஒரு மாணவர் இப்படிச் சுற்றியிருந்தால் இரண்டாவது சுற்றிலேயே பிரேக்கை மிதித்திருப்பேன்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அய்யோ அண்ணி, அது மிட்டாய்தானே" என்றாள்.

"ஆமா. நானும் அப்படி நெனச்சுத்தான் டாக்டர்கிட்ட சொல்லாம இருந்தேன்."

அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற அரைமணி நேரம் ஆனது. உடம்புக்கு முடியாதவள் நான்.

ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டுங்கள் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நானே காட்டினேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

எண் 31 வந்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வீங்கிய இமைகளை, கம்பளிச் சட்டையை. இந்த முறை இரண்டும் ஒன்றாக இருந்தன.

"வேற மாத்திரை உண்டான்னு கேட்டேனே."

"மாத்திரை இல்ல டாக்டர். மிட்டாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"நானும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டுட்டு இருந்திருக்கேன்" என்றார். மறுபடி நூறு எழுதினார். "ஆறு வாரம் ஆகும். அவசரப்படாதீங்க."

மாதக் கடைசி. முதலாளி முன்னால் காகிதத்தை வைத்தேன். மூன்று நாளாக மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் சோம்பேறி இல்லை, பொய் சொல்லவில்லை, எண்தான் தப்பு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அவர் எதையும் கேட்கவில்லை. முந்தின நாள்தான் புது ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். தையல்காரர் அவனைப் பயமுறுத்திவிட்டதாகக் கேள்வி. முதலாளி எண்ணில் விரலை வைத்தார்.

"முன்னாடி எவ்வளவு?"

"0.2 சார்."

"இப்ப முப்பத்தொண்ணா? மார்க் நல்லா ஏறியிருக்கே. போதும். நாளைலேர்ந்து வண்டியை எடு."

ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அதன் கனம் எனக்குத் தெரியும். பதினோரு வருடக் கனம். கையை மூடிக்கொண்டு ஆமாம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு விளங்கப்போவதில்லை.

"இது ஏறக் கூடாத எண் சார்" என்றேன். "எனக்கு இப்பவும் சரியில்ல. சரியில்லேங்கறது இப்பத்தான் சரியா தெரிஞ்சிருக்கு."

"என்னம்மா சொல்றே? நார்மல் காகிதம் கேட்டேன், கொண்டு வரலை. வண்டி தர்றேங்கறேன், வேணாங்கறே."

"ஆறு வாரம் சார்."

"அதுவரைக்கும் அந்த சீட்டுல யாரு உட்காருவா?"

"நீங்கதான்."

வெளியே தையல்காரர் ஹாரன் அடித்தார். முதலாளி என் கையிலிருந்த சாவியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போனார். "ஆறே வாரம்" என்று வாசலில் நின்று சொன்னார்.

நான் கவுன்டரில் உட்கார்ந்தேன். கண்ணாடிச் சன்னல் வழியாகக் கார் பின்னால் நகர்வது தெரிந்தது. நேராக அதே சுவரை நோக்கி. முதலாளியின் வாய் அகலமாகத் திறந்தது. கார் குலுங்கி நின்றது.

கவுன்டருக்கு அடியில் என் வலது கால் அதற்குப் பிறகுதான் தரையை மிதித்தது.